பூச்சும் பேச்சும்

தமிழிலே சிவப்பு என்றொரு சொல் உண்டு. காலைக் கதிரவன் சிவப்பு, செம்பருத்தி சிவப்பு, தொழிலாளர் தூக்கிப் பிடிக்கும் கொடி சிவப்பு. பெண் பார்க்கப் புறப்படுவோர் வாயிலே மட்டும் அந்தச் சொல் வேறு பொருள் கொள்கிறது. “பெண் நல்ல சிவப்பா?” என்று கேட்கின்றனர். குருதி போலச் சிவந்திருக்க வேண்டும் என்பதா அவர்தம் எண்ணம்? அன்று, வெளுத்திருக்க வேண்டும் என்பதே எண்ணம். வெளுப்பு என்று வெளிப்படையாகச் சொல்ல நாக் கூசுகிறது. வெளுப்பு சோகையின் நிறம், நோயாளியின் நிறம் என்பதைப் பாட்டிமார் அறிவர். ஆகவே சிவப்பு என்று பெயரிட்டு, அந்தப் பெயருக்கு விலையும் குறித்து, விலை கொடுக்க இயலாதவருக்கு ‘மாநிறம்’ என்று ஒரு சமரசச் சொல்லையும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கறுத்த மகளைப் பெற்றவர் தம் மகளை ஒருபோதும் கறுப்பென்று சொல்வதில்லை; மாநிறம் என்பார். எதிரே அமர்ந்திருப்பவரோ, மாநிறம் என்ற சொல் காதில் விழுந்ததும், மனத்துக்குள்ளே பவுன் கணக்கில் இரண்டைக் கூட்டிக்கொள்வார்!

சொல்லிலே நடைபெற்ற இந்தச் சூது இப்போது டியூபிலே அடைபட்டு மருந்துக் கடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். எழுதியே தீர வேண்டும் என்று நம்மைத் தூண்டியது ஒரு முகம்.

நாம் குடியிருப்பது திருப்பூரில், பனியன் கம்பெனிகள் வரிசை பிடித்து நிற்கும் ஒரு பகுதியில். பக்கத்து வீட்டிலே ஒரு பெண். அகவை 22. கம்பெனியிலே செக்கிங் வேலை. ஓராயிரம் துணிக்கு நடுவே ஒரு நூல் பிசகியிருந்தாலும் கண்டெடுத்துவிடும் கூர்மையான கண்கள். நம் படிப்பகத்திலே ஏட்டில் கையெழுத்திட்டு நூல் எடுத்துச் செல்வோரில் தவறாது திருப்பித் தருகிறவள் அவள் ஒருத்திதான் என்று நூலகப் பொறுப்பாளர் சலித்துக்கொள்வார் – மற்றவர் மீதுள்ள சலிப்பு அது! நிறம் கறுப்பு. இரண்டு குடும்பத்தார் வந்து பார்த்தனர், பஜ்ஜி தின்றனர், “போனிலே சொல்கிறோம்” என்று எழுந்தனர். போன் வரவில்லை. தரகர் தலையைச் சொறிந்தார். தாய் என்ன செய்வாள்? மருந்துக் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் நல்லவர்தாம். காய்ச்சலுக்கு மாத்திரை கடனாகக் கொடுப்பவர். “இதைப் பதினஞ்சு நாளு போடச் சொல்லுங்க அக்கா. அப்புறம் வந்து நீங்களே சொல்வீங்க” என்றார். அவர் பொய் சொல்லவில்லை; கொடுமையே அங்கேதான் இருக்கிறது. பதினைந்தாம் நாள் முகம் பளபளத்தது. பரு அடங்கிற்று. ஒரு படி வெளுத்தும் தோன்றிற்று. கம்பெனியிலே தோழியர் கேட்டார்கள்; கேட்டவர்களும் வாங்கினார்கள். ஒரே கூடத்திலே ஒரே டியூப், கையிலிருந்து கைக்கு!

மூன்றாம் மாதம் கன்னம் சிவந்தது. சிவப்பு வேண்டும் என்றார்கள், சிவப்பு வந்தது! அடுப்படிக்குப் போனால் எரிச்சல், வெயிலிலே நடந்தால் எரிச்சல். கன்னத்தோல் வெங்காயச் சருகுபோல மெலிந்து, அதனடியிலே குருதி நாளங்கள் சிவந்த நூலிழைகளாகக் கிளை பிரிந்து ஓடுவது கண்ணுக்குத் தெரிந்தது. அடங்கிய பரு ஒன்றுக்குப் பத்தாகக் கிளம்பியது. தாடையோரம் பூனைமயிர் அடர்ந்தது. அஞ்சி நிறுத்தினாள். மூன்றே நாளில் முகம் வீங்கி, நெருப்பை அப்பியதுபோல் ஆயிற்று. மறுபடி பூசினாள், தணிந்தது. பூசினால் குளிர்ச்சி, நிறுத்தினால் நெருப்பு. இப்படி ஆறு திங்கள்!

வீட்டார் கண்ட காரணம் என்ன தெரியுமா? கண்ணேறு! முகம் அழகாகிவிட்டது பொறுக்காமல் யாரோ கண் வைத்துவிட்டார்களாம். மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பிலே போட்டார்கள். நெடியிலே முகம் இன்னும் எரிந்தது. அடுத்த தெருவிலே ஒருவர் மந்திரித்த கயிறு கட்டினார், கட்டணமும் பெற்றார். இத்தனைக்கும் நடுவே, முகத்தைக் கெடுத்த பொருள் முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே, சீப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைத் திருப்பிப் பார்க்க எவருக்கும் தோன்றவில்லை.

ஒருநாள் நூல் திருப்பித் தர வந்தவள் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு நின்றபோதுதான் நமக்குச் செய்தி தெரிந்தது. மறுநாள் தாயையும் மகளையும் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். தோல் மருத்துவர் ஒரு பெண்மணி. முகத்தைப் பார்த்தார், கேள்வி அதிகம் கேட்கவில்லை. “டியூபைக் கொண்டாந்தீங்களா?” என்றார். கொடுத்தோம். பின்புறத்து எழுத்துகளைப் படித்துவிட்டு, “இது அழகுக்குப் பூசுற கிரீம் இல்லீங்கம்மா. இதிலே இருக்கிறது ஸ்டீராய்டு. அது ஒரு ஹார்மோன்” என்றார். தாய்க்கு விளங்கவில்லை. உண்மையைச் சொன்னால், உடன் சென்ற தோழர்களிலே பட்டம் பெற்றவர்களுக்கும் அது அரைகுறையாகத்தான் விளங்கிற்று. அன்று மாலை முதல் படிப்பகத்திலே வேறு பேச்சில்லை. கிடைத்த நூல்களையும் ஆய்வேடுகளையும் தேடிப் படிக்கலானோம். படித்ததை இங்கே தருகிறோம்.

நம் உடலிலே இருவகை அஞ்சல் உண்டு. நரம்பு வழியே ஓடுவது தந்தி போன்றது. நொடியிலே போய்ச் சேரும். குருதி வழியே செல்வது கடிதம் போன்றது. மெல்லச் சென்று, நெடுநாள் வேலை செய்யும். அந்தக் கடிதமே ஹார்மோன். சுரப்பிகள் எழுதுகின்றன, உறுப்புகள் படிக்கின்றன. மிகச் சிறிய அளவு போதும் – ஒரு கிராமைக் கோடியாகப் பங்கிட்டு அதில் ஒரு பங்கென்றாலும் உடல் அதைப் படித்துவிடும். சிறுநீரகத்தின் தலைமேலே தொப்பி வைத்ததுபோல் அமர்ந்திருக்கும் சின்னஞ்சிறு சுரப்பி எழுதுகிற கடிதங்களில் ஒன்று கார்ட்டிசால். அதனைப் பார்த்து மனிதன் செய்துகொண்ட படிகளே பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபிட்டசால் என்ற பெயர்களோடு டியூபிலே வருகின்றன. இயற்கைக் கடிதம் மெல்லப் பேசும், இவை கூச்சலிடும்.

தோல் வெறும் போர்வை என்று எண்ணியிருக்கிறோம். போர்வையன்று, இந்தக் கடிதங்களை ஓயாமல் படித்துக்கொண்டிருக்கும் உறுப்பு. பதினான்கு அகவைச் சிறுவனுக்கு முகத்திலே பரு வருவது எதனால்? ஆண்மைக்குரிய ஹார்மோன் எழுந்து எண்ணெய்ச் சுரப்பிகளைத் தட்டியெழுப்புவதால். கருவுற்ற பெண்ணின் கன்னத்திலே மங்கு படர்வது எதனால்? கருப்பைக் காலத்து ஹார்மோன்கள் நிறம் செய்யும் உயிரணுக்களை முடுக்கிவிடுவதால். தைராய்டு குறைந்தால் தோல் வறண்டு செதில் படும். படிப்பது மட்டுமா? வெயில் பட்டவுடன் வைட்டமின் ‘டி’யை உண்டாக்கித் தானும் கடிதம் எழுதுகிறது. இத்தகைய உறுப்பின் மீது நாள்தோறும் இருவேளை பொய்க் கடிதத்தைப் பூசினால் அது என்ன செய்யும், பாவம்? வந்த கட்டளைக்கெல்லாம் பணிகிறது. தோலுக்கு உரமூட்டும் கொலாஜன் இழைகளை நெய்வதை நிறுத்து என்று கட்டளை, நிறுத்துகிறது. தோல் மெலிகிறது. குருதி நாளமே, சுருங்கு என்று கட்டளை, சுருங்குகிறது. அந்தச் சுருக்கம்தான் முதல் பதினைந்து நாளில் வெளுப்பாகத் தெரிகிறது! பூச்சை நிறுத்தியதும் சுருங்கிய நாளங்கள் யாவும் ஒருசேர விரிகின்றன; நெருப்பு அதுதான்.

இதிலே வேடிக்கை ஒன்று உண்டு. இவ்வகை மருந்துகளின் வலிவை ஒப்பிட்டு அளப்பதற்கு 1962ல் வகுக்கப்பட்ட முறையே, தோலிலே பூசி அது எவ்வளவு வெளுக்கிறது என்று பார்ப்பதுதான். ஆய்வுக்கூடத்திலே மருந்தின் வேகத்துக்கு அளவுகோலாக இருந்த வெளுப்பு, கடைத் தெருவிலே அழகுக்கு அளவுகோலாகிவிட்டது. 1967ல் இன்னொரு கணக்கும் எடுத்தார்கள். முன்கையிலே பூசினால் ஹார்மோன் உட்புகும் அளவு ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நெற்றியிலே 6 பங்கு; தாடையிலே 13 பங்கு! முகம் கையைப் போன்றதன்று. கதவு திறந்த வீடு அது. வலிவு மிக்க குளோபிட்டசால் களிம்பை நாளொன்றுக்கு 2 கிராம் அளவு பூசினாலே, உடலின் சொந்தச் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளக்கூடும். வெளியிலிருந்து கடிதம் வந்து குவியும்போது, எழுதுகிறவன் பேனாவை மூடிவைத்துவிடுகிறான்.

மருந்தின் மீது நமக்குப் பகையில்லை, தோழர்களே. 1952ல் ஹைட்ரோகார்ட்டிசோன் முதன்முதலாகத் தோல் நோய்க்குப் பூசப்பட்டபோது, கரப்பான் கண்டு இரவெல்லாம் சொறிந்து துடித்தவர்கள் உறங்கினார்கள். சொரியாசிஸ் வந்தவரைத் தீண்டாதார்போல் ஒதுக்கிவைத்த வீடுகளிலே, அவர் மீண்டும் பந்தியிலே அமர்ந்தார். அறிவியல் கொடுத்த அருங்கொடை அது. உரிய நோய்க்கு, உரிய நாளுக்கு, மருத்துவர் மேற்பார்வையிலே என்ற மூன்று வேலிக்குள் இருக்கும்வரை அருங்கொடை. வேலியைப் பிடுங்கி எறிந்தது வணிகம்.

நாம் கண்ட டியூபிலே மூன்று பொருள்கள் இருந்தன: நிறத்தைத் தடுக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் டிரெட்டினாயின், மூன்றாவதாக மொமெட்டசோன் என்னும் ஸ்டீராய்டு. மங்குக்கென்று சில வாரங்கள் மட்டும் தரும் மருந்து. 2011ல் வெளிவந்த ஆய்வொன்று, நாட்டின் பல நகரங்களிலே முகத்தோல் கோளாறோடு வந்த 2,926 பேரைப் பரிசோதித்தது. அவர்களில் 433 பேர் முகத்திலே ஸ்டீராய்டு பூசிவந்தனர். 257 பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் மருத்துவரே அல்லர். 126 பேர் அதை நிறம் கூட்டும் பூச்சாக, எதற்கும் உதவும் கிரீமாக, சவரம் செய்தபின் தடவும் பொருளாகக் கருதியிருந்தனர். பூசியவரில் 392 பேருக்குத் தீங்கு நேர்ந்திருந்தது: நூற்றுக்குத் தொண்ணூறு! தோல் மருத்துவர்கள் கிளர்ந்தார்கள், முறையிட்டார்கள். 2018ல் நடுவணரசு, மருத்துவச் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியலிலே 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளைச் சேர்த்தது. டியூபின் மீது சிவப்புக் கட்டமும் எச்சரிக்கையும் அச்சாயின. ஆங்கிலத்திலே, எறும்பெழுத்திலே! செக்கிங் வேலை செய்யும் பெண்ணுக்கு அதைப் படித்துக் காட்டப்போவது யார்?

முப்பொருள் பூச்சின் தலைமுறையைத் தேடிப் போனபோது நமக்கு ஒரு பெயர் தட்டுப்பட்டது. ஆல்பர்ட் கிளிக்மன். அமெரிக்காவிலே பென்சில்வேனியா பல்கலைக் கழகத்துத் தோல் மருத்துவப் பேராசிரியர், 2010ல் மறைந்தார். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்த நிறநீக்கிக் கலவையை 1975ல் இன்னொருவரோடு சேர்ந்து வெளியிட்டவர் அவரே. பெரிய அறிஞர், ஐயமில்லை. ஆனால் அவருடைய ஆய்வுக்களம் எது? பிலடெல்பியா நகரத்து ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலை! 1951 முதல் 1974 வரை அங்கே கைதிகளின் தோலிலே வாசனைப் பொடி முதல் நஞ்சு வரை பூசிப் பார்த்தார்கள். கைதிகளிலே பெரும்பாலோர் கறுப்பு மக்கள். சில டாலருக்காக முதுகைக் காட்டினார்கள்; என்ன பூசப்படுகிறது என்பது அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. நகர நிருவாகம் 2022ல்தான் மன்னிப்புக் கேட்டது.

அந்தச் சிறையிலே பூசப்பட்டவற்றுள் ஒன்று டையாக்சின். களைக்கொல்லி செய்யும்போது கழிவாகத் தோன்றும் நஞ்சு. டோ கெமிக்கல் நிறுவனத்து ஆலைத் தொழிலாளர்க்கு முகமெங்கும் கரும்புள்ளியும் கட்டியுமாக ஒரு தோல்நோய் வந்தது. எவ்வளவு பட்டால் வருகிறது என்று அறிய அந்த நிறுவனம் 1965ல் கிளிக்மனுக்குப் பணம் கொடுத்தது. சிறு அளவு பூசினார், ஒன்றும் நேரவில்லை. பிறகு பத்துக் கைதிகளுக்கு, நிறுவனம் குறித்ததைப் போல 468 மடங்கு பூசினார்! எட்டுப் பேருக்கு நோய் கண்டது. தோலை நிறம் நீக்கும் கலவையைத் தந்த கையும், தோலிலே டையாக்சினைத் தேய்த்த கையும் ஒரே கை. இதைப் படித்தபோது படிப்பகத்திலே சற்று நேரம் எவரும் பேசவில்லை.

டையாக்சின் ஹார்மோன் அன்று. ஆயினும் ஹார்மோன்களின் அஞ்சலைக் குலைக்கின்ற பொருள்களிலே முன்வரிசையில் நிற்பது. இங்கே கேள்வி ஒன்று எழுகிறது. டியூபிலே வருவதாவது நாமே காசு கொடுத்து வாங்கிப் பூசிக்கொண்டது. பூசாமலே, அறியாமலே இத்தகைய பொருள் உடலுக்குள் வந்தால்? வந்திருக்கிறது. ஜப்பான் நாட்டு மேற்குப் பகுதியிலே, 1968ல். முதலிலே கோழிகள் செத்தன – ஏறத்தாழ நான்கு இலட்சம். கோழி செத்ததற்கு யார் கவலைப்படுவர்? பிறகு மனிதர் முகத்திலே கரும்புள்ளிகள் கிளம்பின. இமைகளிலே சீழ் போன்ற கசிவு. நகங்கள் கறுத்தன; ஈறுகள் கறுத்தன. கருவுற்றிருந்த பெண்கள் பெற்ற குழந்தைகளிலே சில கரும்பழுப்புத் தோலோடு பிறந்தன. எல்லோரும் உண்டது ஒரே ஆலையின் தவிட்டெண்ணெய். எண்ணெயைச் சூடாக்கும் குழாயிலே ஓடிய பி.சி.பி. என்னும் வேதிப்பொருள் கசிந்து எண்ணெயிலே கலந்திருந்தது. யூஷோ, அதாவது எண்ணெய் நோய் என்று பெயரிட்டார்கள். அரசு ஏற்றுக்கொண்ட நோயாளர் எண்ணிக்கை பின்னாளில் 2,300ஐக் கடந்தது. 1973ல் ஜப்பான் அப்பொருளைத் தடைசெய்தது. ஆனால் 1979ல் தைவானிலே அதே கதை, அதே தவிட்டெண்ணெய், அதே கரும்புள்ளிகள், ஏறத்தாழ 2,000 பேர்! இடையிலே 1976ல் இத்தாலி நாட்டுச் செவேசோவிலே ஆலை வெடிப்பிலிருந்து டையாக்சின் மேகம் பரவியபோது, இதே முகநோய் ஏறத்தாழ 200 பேரைத் தாக்கிற்று; பெரும்பாலும் குழந்தைகளை.

மூன்று நாட்டிலும் முதலில் சான்று கூறியது தோல். இரத்தத்தை ஆய்ந்து பார்க்குமுன், ஆலை முதலாளிகள் மறுப்பு வெளியிடுமுன், தோல் எழுதிக் காட்டிவிட்டது. காரணம் இருக்கிறது. டையாக்சின் தோலின் உயிரணுக்களுக்குள்ளே நுழைந்து, அங்கிருக்கும் ஒரு பூட்டிலே பொய்ச் சாவியாகப் பொருந்திக்கொள்கிறது. எண்ணெய்ச் சுரப்பியாக வளர வேண்டிய உயிரணுக்கள் வழி மாறுகின்றன. சுரப்பி சுருங்கி மறைய, அந்த இடத்திலே செதில் நிரம்பிய கட்டி உட்காருகிறது. பொருளோ கொழுப்பிலே தங்கி ஆண்டுக்கணக்கில் வெளியேறாது. யூக்ரேன் நாட்டுத் தலைவர் யுஷ்சென்கோவுக்கு 2004ல் டையாக்சின் ஊட்டப்பட்டதும், அழகிய அந்த முகம் மேடும் பள்ளமுமாக மாறியதும் உலகம் கண்டது.

இவை பேரழிவுகள். அன்றாடம் நாம் தொடும் குப்பிகளிலே என்ன இருக்கிறது? கெடாமல் காக்கப் பாரபென், மணம் நிலைக்கத் தாலேட், கிருமிக்கென்று டிரைக்ளோசான், வெயில் தடுக்கப் பென்சோபீனோன். பாரபென் பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜெனின் குரலிலே மெல்லப் பேசவல்லது. தாலேட்டுகளிலே சில, ஆண்மை ஹார்மோன் உண்டாவதைத் தடுக்கவல்லவை. இதைச் சொன்னவுடன் ஷாம்பு போட்டவரெல்லாம் நோயாளி என்று அலறக்கூடாது. அளவு என்று ஒன்று இருக்கிறது, யூஷோவின் அளவு வேறு, சோப்பின் அளவு வேறு. ஆனால் அளவு சிறிது என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014ல் ஐந்து வகைப் பாரபென்களை அழகுப் பொருள்களிலிருந்து நீக்கியது; வேறு இரண்டைக் குறைத்தது. அமெரிக்க அரசு 2016ல் டிரைக்ளோசானைக் கைகழுவும் சோப்புகளிலிருந்து விலக்கியது.

கலிபோர்னியாவிலே சலினாஸ் என்றோர் ஊர். கீரை வயல்கள் சூழ்ந்த ஊர். மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர் நிறைந்த ஊர். அங்குள்ள இளைஞர்களும் பல்கலைக் கழகத்து ஆய்வாளரும் ஒன்றுகூடி ஓர் ஆய்வு செய்தனர், 2016ல் வெளிவந்தது. 14 முதல் 18 அகவை வரை உள்ள 100 பெண்கள். மூன்றே நாள், வழக்கமான பூச்சுகளை விட்டுவிட்டு இந்த நான்கு வகையும் இல்லாதவற்றைப் பயன்படுத்தினர். முன்னும் பின்னும் சிறுநீரை ஆய்ந்தனர். மெத்தில் பாரபென் நூற்றுக்கு 44 பங்கு குறைந்தது. டிரைக்ளோசானும் பென்சோபீனோனும் 36 பங்கு. தாலேட்டின் கழிவு 27 பங்கு. இரண்டு வகைப் பாரபென்கள் மட்டும், எதிர்பார்த்ததற்கு மாறாக, உயர்ந்தன. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். பண்ணைத் தொழிலாளியின் பெண், தன் முகத்திலே பூசுவது தன் சிறுநீரிலே வருகிறது என்று தானே அளந்து காட்டினாள்! படித்தபோது நமக்கு நம் கம்பெனிக் கூடத்துப் பெண்களின் முகம் நினைவுக்கு வந்தது. அவர்களிடம் அளக்கச் சொல்லி யார் கேட்டார்?

இந்த இடத்திலே ஒருவர் குறுக்கிடுவார், அறிவோம். “அதனால்தான் சொல்கிறோம், இரசாயனம் வேண்டாம், மூலிகைக்குத் திரும்புங்கள்” என்பார். கையிலே ஒரு குப்பியும் வைத்திருப்பார். அதன் மேலே முனிவர் படமும் இருக்கும். முனிவர் படம் ஆய்வுச் சான்றாகுமா? 1999ல் இலண்டனிலே மருத்துவர்கள் 11 சீன மூலிகைக் களிம்புகளை ஆய்ந்தனர். எட்டிலே டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு! மூலிகை என்று நம்பித் தாய்மார்கள் பச்சிளங்குழந்தையின் முகத்திலே பூசியிருந்தனர். நம் அண்டையிலே, கேரளத்துக் கோட்டக்கல்லிலே, சிறுநீரகம் பழுதுபட்டு வந்த நோயாளர் பலர் ஒரே வகை முகப்பூச்சைப் பூசியவர்கள் என்பதை மருத்துவர்கள் 2023ல் கண்டுபிடித்தார்கள், குற்றவாளி பாதரசம். அது வேறு கதை, வேறு நஞ்சு. ஆனால் ஆசை ஒன்றே.

ஆம், ஆசை. நிறுவனத்தைக் குறை கூறுவோம், கடைக்காரரைக் குறை கூறுவோம், அரசைக் கேட்போம். எல்லாம் செய்ய வேண்டியதே. 1975 முதல் விற்ற ‘ஃபேர் அண்ட் லவ்லி’, ஊரார் கண்டனத்துக்குப் பிறகு 2020ல் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டது. (அதிலே ஸ்டீராய்டு இருந்தது என்று நாம் கூறுவதாகக் கொள்ள வேண்டாம், நிறத்தை விற்ற பேச்சைத்தான் குறிக்கிறோம்.) டியூபின் பெயரை மாற்ற ஒரு நிறுவனத்துக்கு 45 ஆண்டு ஆயிற்று. “பெண் சிவப்பா?” என்ற கேள்வியை மாற்ற நமக்கு எத்தனை ஆண்டு? கறுப்பு உழைப்பின் நிறம் என்று மேடையிலே முழங்கிவிட்டு, தம்பிக்குப் பெண் தேடும்போது அதே கேள்வியைக் கேட்கிற தோழர்களை நாம் அறிவோம். அவர்கள் பெயரை எழுத வேண்டியதில்லை; படிக்கும்போது அவர்களுக்கே தெரியும்.

படிப்பகத்திலே இப்போது ஒரு பழக்கம் கொண்டிருக்கிறோம். ஞாயிறு மாலையிலே வாசலில் ஒரு மேசை போடுகிறோம். வீட்டிலிருக்கும் பூச்சு எதுவாயினும் கொண்டுவரலாம். பின்புறத்தைப் படித்துச் சொல்கிறோம். மருத்துவம் சொல்வதில்லை, அது நம் வேலையன்று. பெயரைத் தமிழிலே எழுதிக் கொடுக்கிறோம். சிவப்புக் கட்டம் இருந்தால் அதற்கு என்ன பொருள் என்று விளக்குகிறோம். முதல் வாரம் பெண்கள்தாம் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். முதலில் வந்தவர் ஒரு பெரியவர். இடுப்பிலே படர்தாமரை, இரண்டு ஆண்டாக ஒரே களிம்பு, போட்டால் மறைகிறது, விட்டால் இருமடங்காகப் பரவுகிறது என்றார். பிரித்துப் பார்த்தால் அதே ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்தோடு கலந்து!

அவருக்குப் பின்னாலே நின்றவன் ஓர் இளைஞன், சாயப்பட்டறைத் தொழிலாளி. சலூனிலே சவரம் முடிந்ததும் கன்னத்திலே தடவிவிட்ட கிரீம் நன்றாக இருந்ததாம்; பெயர் கேட்டுக் கடையிலே வாங்கி ஓராண்டாகப் பூசிவருகிறானாம். டியூபை நீட்டினான். படித்தோம், கட்டத்தைக் காட்டினோம். முகம் சுண்டியது.

“அப்போ இன்னைக்கே தூக்கிப் போட்டுடட்டுங்களாண்ணா?” என்றான்.

“வேண்டாம் தம்பி. ஓராண்டு பூசியதைச் சட்டென்று நிறுத்தினால் முகம் வீங்கி எரியும். எரிச்சல் தாளாமல் திரும்ப இதையே வாங்குவாய். மருத்துவரிடம் இந்த டியூபோடு போ. எப்படிக் குறைப்பது, இடையிலே எதைப் போடுவது என்பதை அவர் சொல்வார்.”

டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலே போட்டுக்கொண்டு, “பெரியாஸ்பத்திரியிலே தோலுக்கு எந்த ரூமுங்க? காலையிலே எத்தனை மணிக்குப் போனா சீட்டுக் கிடைக்கும்?” என்று கேட்டான். எழுதிக் கொடுத்தோம். அவனுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.